பழுப்பு நிறம் சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. கார், கண்ணாடி, டயர், செல்பேசி என்று இந்த வட்டாரத்தில் உருவாகும் பொருள்களின் முக்கியமான பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பழுதான பாகத்தைக் கையில் எடுத்து அந்த எண்ணை ஸ்கேன் செய்தால், அது என்ன பாகம், எந்த ஷிப்டில் வந்தது என்பதெல்லாம் திரையில் தெரிந்துவிடும்.

இந்தச் சாலை தொடங்குகிற இடத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரில் 1924-இல் தொழுநோயாளிகளுக்காக ஒரு மருத்துவ இல்லம் உருவானது. சல்ஃபோன் மருந்துகள் தொழுநோய்க்குப் புதிதாக வந்த 1940-களில், அவற்றை இந்தியாவில் முதலில் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் இங்கே பணியாற்றியவர். 1955-இல் மத்திய அரசு இந்த இல்லத்தை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது. தொழுநோயைப் படிக்கும் எவரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: நோயாளியின் தோலிலிருந்து எடுத்த, மிளகளவே உள்ள ஒரு துணுக்கு. அதற்குள் எண்ணற்ற செல்கள். எது நரம்பைச் சேர்ந்தது, எது ரத்தத்திலிருந்து வந்தது, எது கிருமியை விழுங்கியது? செல்லின் மேல் யாரும் எண் ஒட்டி அனுப்பவில்லை. ஆனாலும் அறிவியல் அவற்றுக்கு எண் கொடுத்துவிட்டது. அவற்றுள் ஒன்று சிடி68. அந்த எண்ணைத் தேடிப் படிக்கும் ஸ்கேனர், எலியின் செல் தயாரித்துத் தருகிற ஓர் எதிர்ப்பொருள்.

விழுங்குவதே வேலை

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப், கண்ணாடி போல உடல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் கூட்டமாக வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்நியப் பொருளைச் செல்கள் தேடிவந்து விழுங்குகின்றன, உடலின் தற்காப்பே அதில்தான் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். பெரிய அளவில் விழுங்கும் செல்லுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயரிட்டவரும் அவரே. நம் பாடநூல்களில் இது பெருவிழுங்கி. இந்த வேலைக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மேக்ரோஃபேஜ் இல்லாத உறுப்பு உடலில் அநேகமாக இல்லை. கல்லீரலில் இருப்பதற்கு குஃப்பர் செல் என்று பெயர், மூளையில் இருப்பதற்கு மைக்ரோகிளியா. நம் உடலில் விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து போகின்றன. அவற்றில் பெரும்பங்கை விழுங்கி, உள்ளிருக்கும் இரும்பை மீட்டுத் திருப்பித் தருபவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள்தாம். நுரையீரலில் உள்ளவை நாம் இழுக்கும் புகைக்கரியையும் தூசியையும் விழுங்குகின்றன. கரி செரிக்காது. அதனால் நகரவாசியின் நுரையீரல் திசுவில் கறுப்புப் புள்ளிகள் நிறைந்த மேக்ரோஃபேஜ்களைப் பார்க்கலாம். மணல் வார்ப்பும் கல் உடைப்பும் கிளப்பும் சிலிக்காத் தூசி அதைவிடக் கொடியது. அதை விழுங்கிய செல்லே செத்துப்போகிறது, தூசி வெளியே வந்து அடுத்த செல்லைக் கொல்கிறது, அந்த இடத்தில் தழும்பு வளர்கிறது. சிலிக்கோசிஸ் நோயின் வேர் இதுதான்.

பச்சை குத்திய கை ஆயுள் முழுக்க நிறம் மாறாமல் இருப்பதற்கும் இந்தச் செல்தான் காரணம். தோலில் இறங்கிய மையை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒன்று இறந்தால் அது விட்ட மையைப் புதிதாக வந்தது எடுத்துக்கொள்கிறது. பிரான்சில் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள்.

ஒரே செல், இரண்டு முடிவு

தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்டார். இன்றுவரை அதைச் செயற்கை ஊடகத்தில் எவராலும் வளர்க்க முடியவில்லை. அது வாழ விரும்பும் இடங்கள் இரண்டு: நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல், இன்னொன்று மேக்ரோஃபேஜ். தன்னைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே அது குடியிருக்கிறது. இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் மந்தக் கிருமி என்பதால், தொற்றியபின் நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நோய் எல்லாரிடமும் ஒரேமாதிரி இருப்பதில்லை. ரிட்லி, ஜாப்லிங் என்ற இருவர் 1966-இல் வகுத்த வரிசையை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த வரிசையின் ஒரு முனையில், மேக்ரோஃபேஜ்கள் நெருக்கமாகக் கூடிக் கிருமியை வளைத்துக்கொள்கின்றன. சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாகின்றன. இந்தக் கூட்டத்துக்கு கிரானுலோமா என்று பெயர். அங்கே கிருமியைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். மறுமுனையில் அதே மேக்ரோஃபேஜ்கள் கிருமியைக் கொல்லாமல் சுமக்கின்றன. உள்ளே கொழுப்பு நிறைந்து, நுரைத்த தோற்றத்துடன், கிருமிக் கட்டுகளால் பிதுங்கி நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ விவரித்த செல் இதுவே.

காசநோயிலும் இதே செல்லும் கிரானுலோமாவும்தான் களத்தில் நிற்கின்றன. இந்த இரண்டு கிருமிகளோடும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நீண்ட தொடர்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பி.சி.ஜி. தடுப்பூசியின் உலகப் புகழ்பெற்ற சோதனை இங்கே 1968-இல் தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை உலகத்துக்குச் சொன்னது அந்தச் சோதனை. 1991-இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசி ஒப்பீட்டுச் சோதனையில் இதே பகுதியின் சுமார் 1.7 லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இந்த இரண்டு நோய்களுக்கும் தடுப்பூசி எதுவானாலும் அதன் நோக்கம் ஒன்றுதான்: மேக்ரோஃபேஜ் கிருமியைச் சுமக்காமல் கொல்லும்படி செய்வது.

எலி தரும் கருவி

கிருமி உடலுக்குள் நுழைந்தால் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் எதிர்ப்பொருள் சுரக்கும். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பற்றும். ஆனால் விலங்கின் ரத்தத்தில் பல வகை எதிர்ப்பொருள்கள் கலந்தே கிடைக்கும், அதைச் சுரக்கும் பி செல்லோ ஆய்வகத்தில் சில நாள்களில் இறந்துவிடும். 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் எலிச் செல்லை, சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல் ஒரே வகை எதிர்ப்பொருளைக் காலமெல்லாம் சுரந்தது. இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. 1984-இல் நோபல் பரிசு வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் ஆய்வகங்கள் வெள்ளை அணுக்களுக்கு எதிராக நூற்றுக்கணக்கான எதிர்ப்பொருள்களை உண்டாக்கின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்ததால் குழப்பம். 1982-இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பயிலரங்கு, ஒரே இலக்கைப் பற்றுபவற்றைச் சேர்த்து வரிசை எண் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. சிடி எண்கள் வந்த கதை இது.

1989-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கேரன் புல்ஃபோர்டும் உடன் உழைத்தவர்களும் மனித நுரையீரலில் இருந்து மேக்ரோஃபேஜ்களைப் பிரித்து, அவற்றின் உட்கூறு ஒன்றை எலிக்குச் செலுத்தி, கேபி1 என்ற எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். அது சிடி68 புரதத்தைப் பற்றியது. அதற்கு முந்தைய பல எதிர்ப்பொருள்கள் உறைய வைத்த புதுத் திசுவில்தான் வேலை செய்யும். கேபி1 ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த சாதாரண மருத்துவமனைத் துணுக்கிலேயே வேலை செய்தது. அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த மெழுகுக் கட்டிகளைக்கூட எடுத்துச் சோதிக்கலாம் என்றானது. 1993-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் இன்னொன்று வந்தது: பிஜி-எம்1. மேக்ரோஃபேஜ்களில் கொழுப்பு தேங்கும் கோஷே நோய் கொண்ட ஒருவரின் மண்ணீரல் செல்களை எலிக்குச் செலுத்திப் பெற்றது அது. இந்த இரண்டும் இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன.

பிரஷர் குக்கரும் குதிரைமுள்ளங்கியும்

இந்தச் சோதனை நடக்கும் விதம் ஒரு சமையலறைக்கும் அவ்வளவு தூரமில்லை. தோல் துணுக்கு முதலில் ஃபார்மலினில் ஊறும். அது அழுகலை நிறுத்தும். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்தும் விடும். பிறகு மெழுகில் பதித்து, மைக்ரோட்டோம் என்ற கத்திப்பொறியில் 3 முதல் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அது.

ஃபார்மலின் போட்ட பிணைப்புகள் எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய இடத்தை மறைத்துவிடும். ஸ்லைடை உப்புக் கரைசலில் வைத்து மைக்ரோவேவில் சூடாக்கினால் மறைந்த இடம் மீண்டும் திறக்கிறது என்று 1991-இல் ஷான்-ரோங் ஷியும் அவர் குழுவினரும் அறிவித்தார்கள். இத்தனை நுட்பமான சோதனையின் முக்கியமான படி ஒன்று வெறும் கொதிக்க வைத்தல்! இன்று தானியங்கிப் பொறிகள் இருந்தாலும், பல ஆய்வகங்களில் இந்த வேலையைச் செய்வது பிரஷர் குக்கர்தான்.

ஆறியபின் கேபி1 சொட்டுவார்கள். அது சிடி68 இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றதைக் கழுவிவிடலாம். ஆனால் எதிர்ப்பொருளுக்கு நிறம் கிடையாது. அதனால் எலியின் எதிர்ப்பொருளைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருள் ஒன்று வரும். அதன் முதுகில் பெராக்சிடேஸ் என்ற நொதி ஏற்றப்பட்டிருக்கும். இந்த நொதி குதிரைமுள்ளங்கி என்கிற ஐரோப்பியக் காரக்கிழங்கின் வேரிலிருந்து கிடைப்பது. (மதராஸில் இருந்த ஆங்கிலேயர்கள் அந்தக் கிழங்கு கிடைக்காமல் நம் முருங்கை வேரைத் துருவித் தொட்டுக்கொண்டார்கள்.) கடைசியில் டிஏபி என்ற வேதிப்பொருளை ஊற்றினால், நொதி இருக்கும் இடத்தில் மட்டும் அது கரையாத பழுப்பாகப் படியும். எல்லாச் செல்களின் உட்கருக்களுக்கும் ஹெமடாக்சிலின் நீலம் ஏற்றுவார்கள். அந்தச் சாயமோ மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருவது.

நுண்ணோக்கியில் நீலப் பரப்பின் நடுவே பழுப்புச் செல்கள் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் எலியின் மண்ணீரலில் தோன்றிய செல்லின் வாரிசுகள் சுரந்தது, ஐரோப்பியக் கிழங்கின் நொதி, அமெரிக்க மரத்தின் சாயம் எல்லாம் ஒரு மிளகளவுத் தோலின் மேல் கூடி, இவைதாம் மேக்ரோஃபேஜ்கள் என்று காட்டுகின்றன.

எண் எங்கே பொய்க்கிறது?

காட்டுகின்றனவா? தொழிற்சாலை பாகத்தோடு சொன்ன ஒப்புமை இங்கேதான் உடைகிறது. பாகத்தின் எண் அடையாளத்துக்காகவே ஒட்டப்பட்டது. சிடி68 நமக்கு அடையாளம் காட்டுவதற்காகச் செல் வைத்திருக்கும் பொருள் அல்ல. அதன் பெரும்பகுதி செல்லின் மேற்பரப்பில்கூட இல்லை, விழுங்கியதைச் செரிக்கும் லைசோசோம் பைகளின் சவ்வில் இருக்கிறது. மேக்ரோஃபேஜில் லைசோசோம் மிகுதி, ஆகவே சிடி68 மிகுதி. லைசோசோம் மிகுதியான வேறு செல்லிலும் அது இருக்கத்தான் செய்யும்.

நல்ல உதாரணம் கிரானுலர் செல் கட்டி. அது நரம்பின் ஷ்வான் செல்லிலிருந்து பிறப்பது, மேக்ரோஃபேஜோடு உறவில்லை. ஆனால் லைசோசோம்கள் நிறைந்திருப்பதால் கேபி1 போட்டால் பழுப்பாகும். நியூட்ரோஃபில் வகை வெள்ளை அணுக்களையும், சில மெலனோமாப் புற்றுகளையும்கூட கேபி1 நிறமேற்றும். பிஜி-எம்1 நியூட்ரோஃபில்களை விட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே எண்ணைப் படிப்பவைதாம், ஆனால் அந்தப் புரதத்தின் வெவ்வேறு பகுதியைப் பற்றுகின்றன. இன்னொரு வியப்பு: சிடி68-ஐ நீக்கி வளர்த்த எலிகளின் மேக்ரோஃபேஜ்கள் வழக்கம்போலவே விழுங்குகின்றன என்று 2011-இல் வெளியான ஆய்வு கண்டது. விழுங்கியின் அடையாளம் என்று நாம் வைத்திருக்கும் புரதம் விழுங்குவதற்குக் கட்டாயமில்லை.

அடையாளம் இப்படித் துல்லியமில்லாமல் இருப்பதன் விலையை ரத்தப் புற்று ஆய்வு காட்டியது. 2010-இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாக் கட்டியில் சிடி68 பழுப்பு மிகுந்தால் நோயின் போக்கு மோசம் என்று அறிவித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் சில ஒத்துக்கொண்டன, சில மறுத்தன. எந்த எதிர்ப்பொருள், எத்தனை பழுப்பை 'மிகுதி' என்று கொள்வது, எந்த இடத்தில் எண்ணுவது என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியதும் அதற்கு ஒரு காரணம்.

தொழுநோய்க்கே திரும்புவோம். கிருமியை வென்ற முனையிலும் தோற்ற முனையிலும் மேக்ரோஃபேஜ்கள்தாம் இருக்கின்றன, ஆகவே இரண்டிலும் சிடி68 பழுப்பாகவே வரும். யார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது, என்ன செய்கிறார் என்ற கேள்விக்குச் சொல்வதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2009-இல் சிடி163 போன்ற வேறு புரதங்களையும் சேர்த்துத் தேடியபோதுதான் வேறுபாடு தெளிவானது. தோற்ற முனையின் மேக்ரோஃபேஜ்களில் விழுங்கும் ஏற்பாடு மட்டும் ஓங்கியிருந்தது. வென்ற முனையில் வைட்டமின் டி-யைச் சார்ந்த கொல்லும் ஏற்பாடு ஓங்கியிருந்தது. உள்ளே கிருமி இருக்கிறதா என்பதைப் பார்க்க ஃபைட் என்ற பழைய சாயமுறையே இன்றும் வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் சாட்சி ஸ்லைடுகளையும் கூடவே ஓட்டுகிறார்கள். டான்சில் திசுவில் மேக்ரோஃபேஜ்கள் நிச்சயம் உண்டு, அது பழுப்பாக வேண்டும். முதல் எதிர்ப்பொருளைப் போடாத ஸ்லைடு பழுப்பாகக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைய முடிவைக் குப்பையில் போடுவதே முறை. எதிர்ப்பொருள்களின் தரம் பற்றிய கவலை உலகளாவியது. மரபு வரிசை தெரிந்த, எப்போது தயாரித்தாலும் மாறாத எதிர்ப்பொருள்களுக்கே மாற வேண்டும் என்று 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு அறைகூவல் விடுத்தார்கள். 2003-இல் சுவீடனில் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டம் ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள்களை மனிதத் திசுக்களில் போட்டுப் பார்த்தது. அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்து, எந்தச் செல்லில் எவ்வளவு நிறம் என்று பதிவு செய்த வேலையில் பெரும்பங்கு மும்பையின் நோய்க்குறியியல் மருத்துவர்களுடையது. பொறி நிறமேற்றலாம், தீர்ப்புக்குப் பழகிய கண் வேண்டும்.

ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்று 350 ஏக்கரில் சிப்காட் பூங்கா ஒன்று திட்டமிடப்பட்டது. எக்ஸ்ரே பொறியும் வென்டிலேட்டரும் போலவே பரிசோதனைக் கூடங்களின் எதிர்ப்பொருள்களும் அத்தகைய இடங்களில் உருவாக வேண்டியவை. அதற்கு வேண்டியது பெரிய ஆலை அல்ல. இன்று தயாரித்த புட்டியும் அடுத்த ஆண்டு தயாரிக்கும் புட்டியும் ஒரே ஸ்லைடில் ஒரே நிறம் தரும் கட்டுப்பாடு. பாகத்துக்குப் பாகம் அளவு மாறாமல் தயாரிக்கத் தெரிந்த வட்டாரத்துக்கு அந்தப் பண்பாடு புதிதல்ல.

வாசகர்களுக்கு இரண்டு சொல். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமலில் உணர்ச்சி குறைந்திருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயைக் கண்டறியப் பெரும்பாலும் உணர்ச்சிச் சோதனையே போதும், சிடி68 தேவைப்படாது. மருந்து இலவசம், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதங்களில் சிகிச்சை முடிந்துவிடும். வேறு எதற்காகவோ எடுத்த பயாப்சி அறிக்கையில் 'சிடி68 பாசிட்டிவ்' என்ற வரியைப் பார்த்தால் இணையத்தில் தேடிக் கலங்காதீர்கள். அது ஒரு நோயின் பெயர் அல்ல, லைசோசோம் மிகுந்த செல்கள் அங்கே இருந்தன என்ற சாட்சியம் மட்டுமே. அவை அங்கே ஏன் வந்தன என்பதை, ஸ்லைடையும் உங்களையும் சேர்த்துப் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள்.